பதிவேட்டில் 842, இயந்திரத்தில் 839: அந்த மூன்று ஓட்டு எங்கே?

கேள்வி: குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு கட்சியின் பூத் ஏஜென்டாக இருந்தேன். சட்டமன்றத் தேர்தலன்று வாக்காளர் பதிவேட்டில் 842 பேர், இயந்திரத்தில் 839 ஓட்டு. ஆழ்கடலுக்குப் போயிருந்த என் அண்ணன் பெயரிலும் யாரோ ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ரிசல்ட் வந்து இருபது நாள் ஆகிறது. ‘மெஷினில் மோசடி, திரும்ப எண்ணணும்’ என்று எங்கள் ஆட்களும், ‘தோத்தவன் புலம்பல்’ என்று அவர்களும் டீக்கடையில் தினமும் சண்டை. என் மச்சான் பேச்சையே நிறுத்திவிட்டான். இனி என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் சண்டை முடியவில்லை. பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த மூன்று ஓட்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு உங்களுக்குக் கொடுத்த 17சி நகல், அதாவது பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவம், இருக்கிறதா? இருந்தால் எடுத்து விரித்துப் பாருங்கள். பதிவேட்டில், அதாவது 17ஏ-வில், எத்தனை பேர் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போட விருப்பமில்லை என்று திரும்பியவர்கள் எத்தனை பேர், விதியை மீறியதால் அனுமதிக்கப்படாதவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனி வரிகள். அப்புறம்தான் இயந்திரத்தில் பதிவான மொத்தம். 842-லிருந்து அந்த இரண்டு வரிகளையும் கழித்தால் 839 வருகிறதா? வந்தால் மோசடி ஒன்றும் இல்லை. மூன்று பேர் பட்டனை அழுத்தாமல் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வரிகள் காலியாக இருந்து 839 என்று மட்டும் எழுதியிருந்தால், அலுவலர் கணக்கைச் சரியாக எழுதவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை வைத்து ‘ஓட்டைத் திருடிவிட்டார்கள்’ என்று சொல்ல முடியாது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய வித்தியாசம் வேறு. 17சி-யில் இயந்திர மொத்தம் 839 என்று எழுதியிருக்க, எண்ணிக்கை நாளன்று அதே இயந்திரம் வேறு எண்ணைக் காட்டினால், அப்போது விடக்கூடாது. பெரும்பாலும் காரணம் காலையில் நடந்த மாதிரி வாக்குப்பதிவுதான். குறைந்தது 50 ஓட்டுகள் போட்டுச் சரிபார்ப்பார்கள். அவற்றை அழிக்க மறந்து வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டால் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தைத் தனியே எடுத்து வைப்பதுதான் நடைமுறை. வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரங்களின் ஓட்டைவிடக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகி விழுந்த விவிபாட் சீட்டை எண்ணுவார்கள்.

வருவாய்த் துறையில் இருந்தபோது கோணம் பொறியியல் கல்லூரியில் எண்ணிக்கை மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். இயந்திரத்தைத் தூக்கிக் காட்டி சீரியல் எண்ணையும் சீலையும் பார்க்கச் சொல்வோம். ‘டோட்டல்’ பட்டனை அழுத்தியதும் வரும் எண்ணை 17சி-யோடு ஒப்பிட வேண்டிய நேரம் அதுதான். கையில் அந்தத் தாளோடு வந்தவர்கள் பத்தில் இரண்டு பேர்கூட இருக்கமாட்டார்கள். மற்றவர்கள் தங்கள் சின்னத்துக்கு எத்தனை என்று மட்டும் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் எனக்கு வருத்தம் தருகிற காட்சி அது.

மறு எண்ணிக்கைக்கு வருவோம். மொத்த ஓட்டை அறிவித்த பிறகு, வெற்றியை அறிவிப்பதற்கு முன், வேட்பாளரோ அவரது ஏஜென்டோ காரணம் காட்டி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் மறுத்தால் அதற்கும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழி தந்தது: இரண்டாவது, மூன்றாவது இடம் பெற்றவர்கள் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் மெமரியைச் சோதிக்கக் கேட்கலாம். ஆனால் ரிசல்ட் வந்த ஏழு நாளுக்குள் கேட்க வேண்டும். அதுவும் முடிந்தது.

மிச்சம் இருப்பது தேர்தல் வழக்கு. உயர் நீதிமன்றத்தில் 45 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், உங்களுக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது. வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளரும் போடலாம். 2,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். ஆனால் தவறு நடந்தது என்று மட்டும் காட்டினால் போதாது, அதனால் முடிவே மாறியது என்று காட்ட வேண்டும். வித்தியாசம் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. ஆயிரக்கணக்கில் என்றால் உங்கள் பூத்தின் மூன்று ஓட்டை வைத்து வழக்கு நிற்காது. வீண் செலவு, போக வேண்டாம் என்பேன்.

வித்தியாசம் சொற்பமாக இருந்தால்கூட வழக்கு எளிதல்ல. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம். 2016-ல் அங்கே வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளை நிராகரித்தது சரியா என்பதுதான் தகராறு. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் மறு எண்ணிக்கையே நடந்தது. ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, சட்டமன்றத்தின் ஐந்து ஆண்டும் ஓடிப்போனது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

இனி உங்கள் அண்ணன் ஓட்டு. இது மெஷின் விவகாரமே இல்லை, பழைய கள்ள ஓட்டு. இயந்திரத்தை எத்தனை தரம் எண்ணினாலும் இது தெரியாது. வந்தவர் இன்னார் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அங்கேயே 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கும் உரிமை ஏஜென்டுக்கு உண்டு. அலுவலர் விசாரித்துத்தான் விடுவார், ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் போலீசில் ஒப்படைப்பார். நம் ஊரில் யாரும் அதைச் செய்வதில்லை. வந்து நிற்பவன் அடுத்த தெருக்காரன், எதிர்க்கட்சி ஏஜென்ட் நம் சித்தப்பா மகன், நாளைக்கு அதே கோவில் திருவிழாவில் முகத்தில் முழிக்க வேண்டும். அந்த முகதாட்சண்யத்தில்தான் கள்ள ஓட்டு வாழ்கிறது. கடலுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் கரையில், அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு உட்காராத ஏஜென்ட் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

ஊரில் இருப்பவர் பூத்துக்குப் போய், தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதைக் கண்டால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டுக் கேட்க வேண்டும். தாளில் ஓட்டுப் போடவைத்துத் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அதைச் சேர்ப்பதில்லை, நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சியாக நிற்கும்.

அண்ணன் கடலில் இருந்ததால் அந்த வழி இல்லை. ஆனால் ஆள் மாறாட்டம் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. 17ஏ-வில் யாரோ கையெழுத்தோ ரேகையோ வைத்திருக்கிறார். அது சீல் வைத்து இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பிரிக்க முடியாது. அதனால் யார் போட்டது என்று ஊகித்து வாட்ஸ்அப்பில் பெயர் போடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும். அண்ணன் கரைக்கு வந்ததும், அன்றைக்கு அவர் கடலில் இருந்ததற்கான படகு டோக்கன், கூடப் போனவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றோடு, போலீசுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டருக்கும் அவரே தன் பெயரில் எழுதிக் கொடுக்கட்டும். கட்சி லெட்டர்பேடில் வேண்டாம். பறிபோனது அவர் ஓட்டு. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.