சேலத்தில் இருந்துகொண்டே எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கணவன் மனைவியாகத் தயாராக முடியுமா?

உங்களுக்கு 41 வயது, மனைவிக்கு 38, ஏப்ரலில் போக ஆசை, கையில் 5 மாதம் இருக்கிறது, ஞாயிறுதோறும் ஏற்காடு ஏறிப் பழகினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலுக்குப் போதும், தலைக்குப் போதாது. நாங்கள் 2023 அக்டோபரில் போனோம், முகாமைப் பார்க்காமலேயே திரும்பி வந்தோம், அதனால் ஜெயித்தவர்கள் கதைதான் வேண்டும் என்றால் அடுத்த பதிலுக்குப் போய்விடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. வீட்டுக்காரர் நாள் முழுக்கச் சம்மணம் போட்டுப் பற்றவைப்பு வேலை பார்ப்பவர், கணக்கு என் பொறுப்பு. இரண்டு பேருக்கும் நடை என்றால் கடைவீதி வரைக்கும்தான். இமயமலைக்குப் போகிறோம் என்றதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அங்கே என்ன சாமி?" சாமி எதுவும் இல்லை, சும்மா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏப்ரலில் ஆரம்பித்தோம். சேலத்து வெயிலில் ஏழு மணிக்கு மேல் நடக்க முடியாது, அதனால் வாரநாட்களில் விடியற்காலை ஊத்துமலை ஏறி இறங்குவது, ஞாயிறு ஏற்காடு. மே மாதம் கோடை விழா நேரத்தில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிதான் நிற்கும், நடக்கிறவனுக்கு ஓரம்கூடக் கிடைக்காது. மற்ற நாட்களிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு நடங்கள், காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது. முதல் மாதம் ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை போய்வருவதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது, குகைக்குள் குனிந்து சாமி கும்பிட்டுவிட்டு நிமிரும்போது தொடை நடுங்கும். பையில் முதலில் 3 கிலோ அரிசி, அப்புறம் 5, செப்டம்பரில் 8. அங்கே பெரிய மூட்டையைச் சுமை தூக்குபவர் எடுத்துக்கொள்வார், தண்ணீரும் குளிர் ஜாக்கெட்டும் மழைச் சட்டையும் நம் முதுகில்தான், அதுவே 5, 6 கிலோ வந்துவிடும்.

எல்லோரும் ஏறுவதையே பழகுகிறார்கள். முட்டி போவது இறங்கும்போதுதான். நாங்கள் பாதி ஞாயிறுகளில் பஸ்ஸில் மேலே போய் நடந்தே கீழே இறங்கினோம், கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையும் அதற்கு நன்றாக உதவியது. ஊன்றுகோலை இங்கேயே பழகிவிடுங்கள், அங்கே போய் விரித்துப் பார்க்காதீர்கள்.

அடுத்தது புருஷன் பொண்டாட்டி விஷயம். எட்டாவது வளைவில் ஆரம்பித்துப் பதினான்காவது வளைவு வரை ஒரு ஞாயிறு முழுக்க நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அவர் வேகமாகப் போவார், மேலே நின்று எனக்காகக் காத்திருப்பார், நான் போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டியா, கிளம்பலாம்" என்பார். காத்திருந்தவருக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு, வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. இது அவருக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் முன்னால், அவர் பின்னால். மெதுவாக நடக்கிறவர் முன்னால் போனால் வேகம் தானாகச் சரியாகிவிடும். ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது சரியான வேகம், உங்கள் வீட்டிலும் சண்டை வந்தால் இந்தக் கணக்கை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தலை விஷயத்துக்கு வருகிறேன். சேலம் 278 மீட்டர், சேர்வராயன் கோயில் சுமார் 1,620. நடைப்பயணம் தொடங்கும் லுக்லாவில் விமானம் இறங்கும் இடமே 2,800 மீட்டருக்கு மேல், அதாவது தொட்டபெட்டாவை விட, ஆனைமுடியை விட உயரம். முகாம் 5,364 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதிதான், ஆக ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. இதைத் தமிழ்நாட்டில் எங்கே ஏறியும் பழக முடியாது. எவ்வளவு நன்றாக நடப்பீர்கள் என்பதற்கும் உயர நோய் வருமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை, இருப்பதிலேயே வேகமாக நடப்பவர் முதலில் படுத்துவிடலாம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் வழியில் இருக்கும் நாம்சே, டிங்போச்சே என்ற ஊர்களில் இரண்டிரண்டு இரவு தங்க வைக்கிறார்கள். அதைச் சுற்றிப் பார்க்கும் நாள் என்று நினைத்து யாராவது பணம் மிச்சம் பிடிக்க வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள்.

டிங்போச்சே 4,410 மீட்டர். இரண்டாவது நாள் ராத்திரி வீட்டுக்காரர் பருப்புச் சோற்றில் பாதியைத் தட்டில் ஒதுக்கினார். நான் சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போன தட்டுவடையையும் நாரத்தங்காயையும்கூடத் தொடவில்லை. அதைவிட முக்கியமாக, அன்று முழுக்க வெள்ளி விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி 19 வருஷத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. "ஏங்க, தலை வலிக்குதா?" என்றேன். இல்லை, அசதி என்றார். நம்பிவிட்டேன், அங்கேதான் தப்பு. ரகசியமாகக் காய்ச்சல் மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு மறுநாள் லோபூச்சே வரை, 4,940 மீட்டர், ஏறி வந்துவிட்டார். அங்கே ராத்திரி மூன்று முறை வாந்தி. தலைவலி, பசியின்மை, குமட்டல் இருந்தால் மேலே ஏறக் கூடாது, அதிகமானால் இறங்க வேண்டும், இதில் வீரத்துக்கு இடமில்லை. அதுவும் நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் இறங்கியே ஆக வேண்டும். அவருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

காலையில் வழிகாட்டி இறங்கச் சொல்லிவிட்டார். எங்களுடன் வந்தது வழிகாட்டி ஒருவர், சுமை தூக்குபவர் ஒருவர். நோயாளியோடு வழிகாட்டிதான் போக வேண்டும், அப்போது மற்றவர் என்ன செய்வது? இதைச் சேலத்திலேயே பேசி வைத்திருந்தோம்: பிரிய மாட்டோம், ஒருவர் இறங்கினால் இருவரும் இறங்குவோம். "நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னார், நானும் பேசி வைத்தபடி கூடவே இறங்கினேன், ஆனால் உள்ளுக்குள் நல்ல கோபம். 500 மீட்டருக்கு மேல் இறங்கிப் பெரிச்சேயில் இருக்கும் மருத்துவ மையத்தில் காட்டினோம். சாயங்காலத்துக்குள் தலைவலி போய்விட்டது. ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு, ஊரில் வெள்ளி இன்றைக்கு என்ன விலை இருக்கும் என்று ஆரம்பித்தார் பாருங்கள், அப்போது வந்த கோபத்துக்கு முன்னால் காலையில் வந்தது ஒன்றுமே இல்லை.

மறுபடி ஏறிப் பார்க்க நாள் இல்லை, லுக்லாவில் விமானம் காத்திருந்தது. இன்னொரு முறை போனால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வேன், லுக்லா விமானம் வானிலையால் ரத்தாவதும் சாதாரணம் என்பதால் எப்படியும் அது வேண்டும். கையில் காசிருந்தால் உதவி வழிகாட்டி ஒருவரையும் சேர்த்துக்கொள்வேன், அப்போது பிரிவதா வேண்டாமா என்பதை மனதை வைத்து முடிவு செய்யலாம், ஆள் இல்லாததால் அல்ல. உயர நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் "மாத்திரை எதுக்கு" என்று நினைத்து டாக்டரிடம் கேட்கவே இல்லை. காப்பீடு எடுத்தால் அந்த உயரத்துக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

கடைசியாக ஷூ. இந்த வாரமே வாங்கிவிடுங்கள், அரை அளவு பெரிதாக, தடித்த காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், ஐந்து மாதமும் அதையே போட்டு ஏற்காடு ஏறி இறங்குங்கள். நான் செப்டம்பர் கடைசியில் வாங்கினேன். இறங்கும்போது இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, தீபாவளிக்குள் விழுந்து, முழுசாக முளைக்க அடுத்த ஆடி வந்துவிட்டது.