டிராஃப்ட் நம்பரும் ஆகஸ்ட் மாச அடிதடியும்: கேட்டீங்க, சொல்றேன்

அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட் (காலேஜ் பசங்களை டீம்கள் வரிசையா எடுக்கறது), ப்ரீசீசன் (சீசனுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல நடக்கற, கணக்குல வராத மேட்ச்), ரோஸ்டர் கட் (அதிகப்படி ஆட்களை வெட்டறது) இதெல்லாம் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லிட்டேன், இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முன்னாடியே ஒன்னு சொல்லிடுறேன், நான் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் ரசிகன். டிராஃப்ட்ல ஏமாந்து போறதுல எங்களுக்கு இருக்கற அனுபவம் வேற யாருக்கும் கிடையாது, அந்தத் தகுதியிலதான் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, நான் ஐபிஎல் ஏலம் மட்டும்தான் பாத்திருக்கேன். இங்க காசே சொல்லாம எப்படி ஆளை எடுக்குறாங்க?

ஏலத்துல யார்கிட்ட காசு இருக்கோ அவன் எடுப்பான், இங்க காசு இல்லப்பா, வரிசைதான். 32 டீம், 7 ரவுண்டு, போன வருஷம் கடைசியா வந்தவனுக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல்ங்கற ஃபைனலை ஜெயிச்சவன் ரவுண்டு கடைசியில. காலேஜ்ல இருந்து வர்ற பையனுக்கு எந்த ஊர் வேணும்னு கேக்குற உரிமையே கிடையாது, பேர் கூப்பிட்டா தொப்பிய மாட்டிட்டு போக வேண்டியதுதான். சம்பளமும் கிட்டத்தட்ட எத்தனாவதா எடுத்தாங்கங்கறத வச்சே முடிவாகிடும். இது 2011ல வந்த மாத்தம். அதுக்கு முந்தின வருஷம் முதல் ஆளா போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருஷத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம், அதுல 5 கோடி கியாரண்டி, ஒரு மேட்ச் கூட ஆடுறதுக்கு முன்னாடி! அடுத்த வருஷம் அதே முதல் இடத்துல போன கேம் நியூட்டனுக்கு 4 வருஷத்துக்கு சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். அதனால இப்ப நல்ல குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவன்) ஒருத்தன் டிராஃப்ட்ல மாட்டினா நாலு வருஷம் சல்லிசா ஓட்டலாம், மிச்ச காசுல மத்த இடத்துக்கெல்லாம் பெரிய ஆளா வாங்கிப் போடலாம். எல்லாரும் டிராஃப்டுக்கு இந்த அளவு பைத்தியமா அலையறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

கேள்வி: ப்ரோ நான் சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸ் ஃபேன். குவாட்டர்பேக் ட்ரே லான்ஸ் விஷயம் இன்னும் வலிக்குது. எங்க தப்பு நடந்துச்சு?

வலிக்கத்தான் செய்யும். 2021 மார்ச்ல 12ஆவது இடத்துல இருந்தவங்க 3ஆவது இடத்துக்கு ஏற மியாமிக்கு என்ன குடுத்தாங்கன்னு பாருங்க, அந்த 12ஆவது பிக் (ஆளை எடுக்கற வாய்ப்பு), 2022 முதல் ரவுண்டு, 2023 முதல் ரவுண்டு, அது போதாதுன்னு 2022ல ஒரு மூணாவது ரவுண்டும். வாங்கினது யாரை? 2020 சீசன்ல கொரோனாவால ஒரே ஒரு மேட்ச் ஆடின பையனை. அவன் மேல எனக்குக் கோவமே இல்ல, கை பலம் இருந்துச்சு, ஓடத் தெரிஞ்சுது, ஆனா அந்த வயசுல அவனுக்கு வேண்டியது மேட்ச் அனுபவம், கிடைச்சது பெஞ்ச். 2022ல ஒருவழியா ஸ்டார்ட்டர் (ஆட்டத்தை ஆரம்பிக்கற முதல் ஆளு) ஆனான், ரெண்டாவது வாரமே சியாட்டிலோட ஆடும்போது கணுக்கால் உடைஞ்சிருச்சு.

இதுல யாரும் பேசாத ஒன்ன நான் சொல்றேன். அதே 2022 டிராஃப்ட்ல கடைசி ஆளா, 262ஆவது பிக்கா, பிராக் பர்டிய எடுத்தாங்க. கடைசி ஆளுக்கு "மிஸ்டர் இர்ரெலவன்ட்"னு கிண்டலா ஒரு பட்டமே இருக்கு, அதாவது இருந்தாலும் இல்லாட்டியும் ஒன்னு. அந்த வருஷம் மூணாவது குவாட்டர்பேக் இடத்துக்கு நேட் சட்ஃபெல்டுன்னு ஒரு சீனியர் இருந்தாரு, 20 லட்சம் டாலர் கியாரண்டி சம்பளம். ஆகஸ்ட் கடைசியில அந்தக் காசு போனா போகுதுன்னு சீனியரை வெட்டிட்டு பர்டிய வச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு அது செய்தியில ரெண்டு வரி. டிசம்பர்ல, லான்ஸ் இடத்துல ஆடிட்டு இருந்த கரோப்போலோ காலை உடைச்சுக்கிட்டப்பதான் அந்த ரெண்டு வரியோட விலை தெரிஞ்சுது, பர்டி உள்ள வந்தான், அடுத்த சீசன்ல சூப்பர் பவுல் வரைக்கும் போய் கன்சாஸ் சிட்டிகிட்ட ஓவர்டைம்ல 25-22ன்னு தோத்தாங்க. லான்ஸ்? 2023 ஆகஸ்ட்ல பேக்கப் இடத்தைக் கூட சாம் டார்னல்ட்கிட்ட விட்டுட்டு, ஒரே ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்கு டல்லாஸ் போனான். மூணு முதல் ரவுண்டு குடுத்த டீமை கடைசி பிக்தான் காப்பாத்துச்சு. ஏப்ரல் டிராஃப்ட்ல பண்ண தப்ப ஆகஸ்ட்ல சரி பண்ணலாம், நைனர்ஸுக்கு அந்த தைரியம் இருந்துச்சு, அதைப் பாராட்டித்தான் ஆகணும்.

கேள்வி: குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸை அஞ்சாவது ரவுண்டு வரை தள்ளினது சதிதானே தலைவா? உண்மைய சொல்லுங்க.

வந்துட்டீங்களா, இதுக்குதான் காத்திருந்தேன். 2025ல முதல் ரவுண்டுல போவான்னு பேசின பையன் 144ஆவது இடத்துல போனான், அதுவும் எங்க பிரவுன்ஸுக்கு, அதுவும் நாங்க ஏற்கனவே 94ஆவது பிக்ல டில்லன் கேப்ரியல்னு இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்த பிறகு. வீட்டுல ஒரே சத்தம், ஒருத்தர் அழறாரு ஒருத்தர் சிரிக்கிறாரு. சதின்னு நான் நம்பல. 32 டீமும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கிற அளவுக்கு ஒத்துமை அவங்களுக்கு இருந்தா டிரேடே (டீம்களுக்குள்ள பிக்கும் ஆளும் மாத்திக்கறது) நடக்காது. பந்தை ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டு அடி வாங்குறான்னு காலேஜ்லயே தெரிஞ்சுது, பழைய ஃபுட்பால் நட்சத்திரமான அப்பா டியான் சாண்டர்ஸ் பேரோட வர்ற கேமரா கூட்டம் ஒரு பேக்கப்புக்கு எதுக்குன்னும் சில டீம் நினைச்சிருக்கும். ஆனா அஞ்சாவது ரவுண்டுங்கறது ஓவர்தான், அதுல உங்க பக்கம்தான் நான்.

அந்த வருஷ பயிற்சி கேம்ப்ல ஃபிளாக்கோ, பிக்கெட், கேப்ரியல், சாண்டர்ஸ்னு நாலு குவாட்டர்பேக். இருக்கறது ஒரே பந்து, பிராக்டிஸ்ல இருக்கற ரெப்ஸை (ஆடிப் பாக்கற வாய்ப்பை) நாலா பிரிச்சா யாருக்குமே பத்தாது. முதல் ப்ரீசீசன் மேட்ச்ல கரோலினாவோட சாண்டர்ஸ் எறிஞ்ச 23 பாஸ்ல 14 சரியா போச்சு, 138 கெஜம், ரெண்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கற ஸ்கோர்), உடனே கேன்டன்ல இருக்கற ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துல சிலை வைக்கலாமான்னு கேட்டாங்க. கடைசி மேட்ச்ல ராம்ஸோட 6ல 3, 14 கெஜம், அஞ்சு தடவ சாக் (பந்தை எறியறதுக்குள்ள கீழ சாய்ச்சுட்டாங்க). உடனே வெட்டுங்கடான்னு அதே வாய் சொல்லுச்சு. ரெண்டுமே முழு உண்மை இல்ல. கடைசியில என்ன ஆச்சு? பிக்கெட்டை ரெய்டர்ஸுக்கு வித்தாங்க, ஃபிளாக்கோவ அக்டோபர்ல சின்சினாட்டிக்கு வித்தாங்க, நவம்பர்ல கேப்ரியலுக்கு தலையில அடி, சாண்டர்ஸ் உள்ள வந்தான், முதல் ஸ்டார்ட்டே லாஸ் வேகாஸ்ல ஜெயிச்சுட்டான். ஆகஸ்ட்ல நாலாவது ஆளு நவம்பர்ல ஸ்டார்ட்டர். எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்ப்பா.

கேள்வி: அப்ப ப்ரீசீசன் மேட்ச் பாக்கவே வேண்டாமா?

பாருங்க, ஸ்கோரை மட்டும் பாக்காதீங்க. 2008ல டெட்ராய்ட் லயன்ஸ் ப்ரீசீசன்ல 4-0 (நாலும் ஜெயிப்பு), அப்புறம் சீசன்ல 0-16 (பதினாறும் தோல்வி). 2017ல எங்க பிரவுன்ஸும் அதே 4-0, அதே 0-16. நான் அந்த ஆகஸ்ட்ல "இந்த வருஷம் நம்ம வருஷம்"னு ஆஃபீஸ்ல பந்தயம் கட்டினவன், மேல கேக்காதீங்க.

நீங்க பாக்க வேண்டியது மூணாவது குவாட்டர்ல 70 கெஜம் ஓடினவனை இல்ல, அவனுக்கு எதிர்ல நின்னவங்க பாதி பேர் அடுத்த வாரம் வேலை தேடப் போறவங்க. டிஃபென்ஸும் தன் வேலையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு சும்மா நின்னுட்டுப் போகும், எவன் ஆகஸ்ட்ல தன் தந்திரத்தைக் காட்டுவான்? நான் ரெண்டு விஷயம் பாப்பேன். ஒன்னு, ஸ்டார்ட்டர்ஸ் களத்துல இருக்கும்போதே எந்த புதுப் பையனை இறக்கறாங்க. இன்னொன்னு கிக்ஆஃப், பன்ட் கவரேஜ், அதாவது பந்தை எதிரணிக்கு உதைச்சுட்டு அதைப் புடிச்சவனை ஓடிப்போய் மடக்கறது. அஞ்சாவது ரிசீவர், ஆறாவது லைன்பேக்கர் எல்லாம் டீம்ல நிக்கிறது கேட்ச் புடிச்சு இல்ல, பன்ட் போறப்ப முதல் ஆளா கீழ ஓடிப்போய் அடிச்சுதான். டிவியில அந்த நேரம் பார்த்து விளம்பரம் போட்டுடுவான், அது வேற எரிச்சல்.

விதிவிலக்கு இருக்கு, மறுக்கல. 2010ல விக்டர் குரூஸ், டிராஃப்ட்ல யாருமே எடுக்காத பையன், ஜெட்ஸோட ப்ரீசீசன் மேட்ச்ல மூணு டச்டவுன் அடிச்சு ஜயன்ட்ஸ்ல ஒட்டிக்கிட்டான். அடுத்த சீசன்ல கேட்ச் புடிச்சே 1,536 கெஜம், கையில சூப்பர் பவுல் மோதிரம். ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் ஒவ்வொரு ரசிகனும் "இவன்தான் அடுத்த குரூஸ்"னு ஒருத்தனைக் காட்டுவான். நானும் காட்டுவேன், இதுவரைக்கும் பலிக்கல.

கேள்வி: கட் டே (ஆளை வெட்டற கடைசி நாள்) அன்னைக்கு வெளிய போறவங்க கதி என்னங்க?

90 பேரோட கேம்ப், 53ஆ சுருங்கணும், அதாவது டீமுக்கு 37 பேர், மொத்தமா கணக்கு போட்டா ஆயிரத்துக்கு மேல. கோச் கூப்பிடறாரு, ப்ளேபுக்கை எடுத்துட்டு வான்னு ஒருத்தன் வந்து சொன்னா முடிஞ்சுது. சின்ன பசங்களை வெட்டினா வேய்வருக்கு, அதாவது மத்த டீம் கேட்டு எடுத்துக்கற பட்டியலுக்குப் போவாங்க, மத்த டீமுக்கெல்லாம் ஒரு நாள் டைம், போன வருஷம் மோசமா ஆடினவனுக்கு முதல் உரிமை. நாலு சீசன் முடிச்ச சீனியர்னா வேய்வர் கிடையாது, நேரா யாரோட வேணா பேசலாம். யாரும் எடுக்கலன்னா பிராக்டிஸ் ஸ்குவாட் (53ல சேராம கூட பயிற்சி பண்ற கூட்டம்), 16 இடம், 2025 கணக்குக்கு வாரம் குறைஞ்சது 13,000 டாலர். நம்ம கணக்குக்கு பெரிய காசுதான், ஆனா எந்த செவ்வாய்க்கிழமை வேணா வீட்டுக்கு அனுப்பலாம்.

இங்கதான் ஜிஎம் (ஆட்களை முடிவு பண்ற ஜெனரல் மேனேஜர்) மூளை வேலை செய்யும். நல்லா ஆடின ரூக்கிய (புதுப் பையனை) வெட்டி பிராக்டிஸ் ஸ்குவாட்ல ஒளிச்சு வைக்கணும்னா அவன் ப்ரீசீசன்ல ரொம்ப நல்லா ஆடக்கூடாது, ஆடினா வேய்வர்ல இன்னொருத்தன் கொத்திட்டுப் போயிடுவான். அதனால கடைசி மேட்ச்ல ஒரு பையன் திடீர்னு பெஞ்ச்ல உக்காந்திருந்தா கோச்சுக்கு அவன் மேல கோவம்னு முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: நல்லா ஆடுற டிராஃப்ட் ஆகாத பையனை வெட்டிட்டு சுமாரா ஆடுற மூணாவது ரவுண்டுக்காரனை வச்சுக்கறாங்களே, இது நியாயமா அண்ணே?

நியாயம் இல்ல, ஆனா காரணம் இருக்கு. டிராஃப்ட்ல அவனை எடுத்த ஜிஎம்முக்கு அது தன் பேரைக் காப்பாத்துற விஷயம். மூணாவது ரவுண்டு பிக்கை ஆறு மாசத்துல வெட்டினா முதலாளி கேப்பாரு. அதோட அவனுக்குக் குடுத்த சைனிங் போனஸ் மொத்தமும் கேப் (டீமோட சம்பள வரம்பு) கணக்குல தொங்கும். டிராஃப்ட் ஆகாதவன் "கொஞ்சம் பெட்டர்"னா பத்தாது, கண்ணுல குத்துற மாதிரி பெட்டரா இருக்கணும். குவாட்டர்பேக் கர்ட் வார்னரை 1994 கேம்ப்ல பேக்கர்ஸ் வெட்டினாங்க, மனுஷன் அயோவா போய் சூப்பர்மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட்ல சாமான் அடுக்கினாரு. 1999 ப்ரீசீசன்ல ஸ்டார்ட்டர் ட்ரென்ட் கிரீன் முட்டி போனதாலதான் ராம்ஸ்ல வழி கிடைச்சுது, அந்த வருஷமே எம்விபி (சீசனோட சிறந்த வீரர்), சூப்பர் பவுல். காயம் ஆகலன்னா? அதை நினைச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கும், எத்தனை வார்னர் இன்னும் சாமான் அடுக்கிட்டு இருக்கானோ.

கேள்வி: டிராஃப்ட் முடிஞ்ச மறுநாள், எந்த டீம் நல்லா எடுத்துச்சுன்னு வர்ற மார்க் ஷீட்டை நம்பலாமா?

சோறு வேகறதுக்கு முன்னாடி உப்பு சரியில்லன்னு சொல்ற மாதிரி. 2012 சியாட்டிலுக்கு பல பேர் ரொம்ப மோசமான மார்க் போட்டாங்க. அந்த டிராஃப்ட்லதான் பின்னாடி பெரிய நட்சத்திரங்களான ரெண்டு பேர், ரெண்டாவது ரவுண்டுல பாபி வாக்னர், மூணாவதுல குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன். வில்சன் ஆகஸ்ட்ல, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த குவாட்டர்பேக் மேட் ஃபிளின்னையே தாண்டிட்டான்.

கேள்வி: கிக்கரை (கோல் உதைக்கறதுக்குன்னே இருக்கற ஆளை) டிராஃப்ட்ல எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனா டாம்பா மாதிரி ரெண்டாவது ரவுண்டுல மேல ஏறிப்போய் எடுக்காதீங்க. 2016ல 59ஆவது ஆளா ராபர்டோ அகுவாயோ. அடுத்த ஆகஸ்ட்ல முதல் ப்ரீசீசன் மேட்ச்ல ஒரு ஃபீல்ட் கோலும் ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட்டும் உதைக்கறப்ப மிஸ் பண்ணிட்டான், அதோட கதை முடிஞ்சுது.

கேள்வி: கடைசியா, உங்க பிரவுன்ஸ் அடுத்து குவாட்டர்பேக் எடுக்கணும்னா என்ன சொல்வீங்க?

எத்தனாவது பிக்ல வேணா எடுக்கட்டும், 22 மட்டும் வேண்டாம். 2007ல பிரேடி குவின், 2012ல பிராண்டன் வீடன், 2014ல ஜானி மேன்சியல், மூணு பேருமே முதல் ரவுண்டு 22ஆவது பிக், மூணு பேரும் போன இடமே தெரியல. இன்னொரு தடவ டிவியில அந்த நம்பருக்கு எங்க டீம் வந்து, கமிஷனர் வாயில "குவாட்டர்பேக்"னு வந்துச்சுன்னா, ரிமோட் எங்க பறக்கும்னு எனக்கே தெரியாது.