மொட்டை மாடித் தேனீப் பெட்டியைக் கோடையிலிருந்து ஐப்பசி மழை வரை எப்படிக் காப்பாற்றுவது?

கத்திரி வெயிலில் பெட்டி காலியாகிவிடுமா என்கிறீர்கள். ஆகலாம். நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ, சூடோ பசியோ தாங்காவிட்டால் கூட்டத்தோடு கிளம்பிவிடும். புழு வளரும் அடையை அது சுமார் 35 டிகிரியில் வைத்திருக்கப் பார்க்கும். மதியம் வாசலில் வரிசையாக நின்று சிறகடிப்பது அதற்குத்தான். தண்ணீரும் சுமந்து வந்து உள்ளே தடவும். அதனால் கீற்றுப் போட்டு நிழல் கொடுங்கள். அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வையுங்கள்; வெறும் தண்ணீரில் மூழ்கிச் சாகும். (எங்களுடையது பக்கத்து வீட்டு வாளிக்குப் போய்ச் சண்டையே வந்தது.) பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு எறும்புக் கிண்ணம் (எறும்பு ஏறாமல் அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம்) அவசியம்.

அப்புறம் அடைமழை. வெளியே போக முடியாது, ஆகவே தேனை முழுசாக எடுத்துவிடாதீர்கள். பெட்டி எடை குறைந்தால் சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துச் சாயங்காலம் உள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் வேறு கூட்டுத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும்.