ஹெரால்டா, மாருதி 800-ஆ? பழைய கார் கேள்வி பதில்

கே: அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான் வாங்கிய 1990 மாருதி 800. வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம். எதை வைத்துக்கொள்வது? (பெருங்களத்தூர்)

ப: ஹெரால்டு பிறந்ததே உங்கள் வட்டாரத்தில், வெளியூருக்கு அனுப்பிவிடாதீர்கள்! தினமும் அலுவலகம் போக வேண்டுமென்றால் மட்டும் 800. இரண்டின் குணமும் வேறு. ஹெரால்டு தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் உட்கார்ந்த 948 சிசி வண்டி, பின்சக்கரம் தள்ளும். 800-இல் மூன்று சிலிண்டர், 796 சிசி, முன்சக்கரம் இழுக்கும். ஹெரால்டின் பானெட்டை முன்பக்கம் கவிழ்த்தால் எஞ்சினும் முன்சக்கரங்களும் மொத்தமாக வெளியே தெரியும். டயர்மேல் உட்கார்ந்தபடியே பிளக் கழற்றலாம். 800-இல் கையை நுழைக்க இடம் தேட வேண்டும்.

கே: ஹெரால்டின் முன்சக்கர டிரனியனுக்கு (சக்கரத்தைத் தாங்கும் தண்டு புரிமேல் திரும்பும் கீழ்மூட்டு) மெக்கானிக் மாதாமாதம் கிரீஸ் அடிக்கிறார். சரிதானே? (அடையாறு)

ப: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் உள்ளே இறுகிப் புரிகளுக்குப் போய்ச் சேராது. மழைநீர் புகுந்து இரும்புத் தண்டை அரிக்கும். முறிந்த தண்டு ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. முறிவில் பாதி பழுப்பு, பாதி வெள்ளிபோல் பளபளப்பு. துரு பாதியைத் தின்று முடிக்கும்வரை வண்டி ஓடியிருக்கிறது; மீதி ஒரே நொடியில் போயிற்று. வேகத்தில் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். நல்லவேளை, அந்த வண்டி வீட்டு வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது.

கே: கோயம்பேடு நெரிசலில் எது சூடாகும்? (அரும்பாக்கம்)

ப: ஹெரால்டு. அதன் விசிறி எஞ்சின் பெல்ட்டில் சுற்றுகிறது. வண்டி நின்றால் விசிறியும் மெதுவாகிவிடும். 800-இல் மின்விசிறி, சூடேறினால் தானே ஓடும். அதன் சுவிட்ச் செத்தால் சத்தமே வராது; வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள்.

கே: கடலோரத்தில் நிறுத்துகிறேன். துரு? (பெசன்ட் நகர்)

ப: இரண்டிலும் உண்டு. 800-இல் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள்.

கே: விண்டேஜ் பதிவு எடுத்தால் தினமும் ஓட்டலாமா? (அண்ணா நகர்)

ப: கூடாது. 2021 விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் விண்டேஜுக்கான 'விஏ' எண். புதுப் பதிவுக்கு ரூ.20,000. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

கே: எங்கள் தெரு குறுகல். எது எளிதாகத் திரும்பும்? (மயிலாப்பூர்)

ப: நம்ப மாட்டீர்கள், ஹெரால்டுதான். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். 800-க்கு ஏறக்குறைய 29 அடி வேண்டும்.