டம்மியைக் கவ்விக்கொண்டு ஓடும் ஐந்து மாத லேப்ரடார்

முதலில் துரத்துவதை நிறுத்துங்கள். வீசி எடுத்துவரப் பழக்கும் பயிற்சிப் பொருளான டம்மியை நாய்க்குட்டி கவ்விய நொடியில் நீங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுங்கள், பின்னாலேயே வரும்.

கவ்வுகிறது, ஆனால் கொண்டுவந்து தராமல் வண்டியூர் கண்மாய்க் கரையில் சுற்றுகிறது என்கிறீர்கள். பக்கத்தில் வந்ததும் வாயிலிருந்து பிடுங்கியிருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். வந்தால் கையை நீட்டாதீர்கள். நெஞ்சைத் தடவிக் கொடுத்து, கொஞ்சம் வைத்திருக்க விட்டு, அப்புறம் அவித்த கோழித்துண்டை மூக்கருகே காட்டுங்கள். தானாக விடும்.

ஒரு சோதனை: வீட்டு நடையில் கதவுகளைச் சாத்திவிட்டு, சுருட்டிய சாக்ஸை வீசிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகக் கொண்டுவந்தால், கரைக்கு இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளைக்கு நீளக் கயிறு கட்டியே பழக்குங்கள். கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பால்பல் விழும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ சாக்ஸில் ரத்தப் பொட்டு இருந்தாலோ வீசுவதை நிறுத்திவையுங்கள். வலியோடு கவ்விப் பழகினால் டம்மியே பிடிக்காமல் போய்விடும்.

மதுரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் எதுவும் வேண்டாம். கொக்கு, நீர்க்கோழி பக்கமும் விடாதீர்கள். அவற்றைப் பிடிப்பதைத் தடுக்கும் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, டம்மியே போதும்.