கொழுந்தைக் கிள்ளப் பயமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: நான் நினைக்கிற பக்கம் செடி வளர மாட்டேன் என்கிறது. சரி, மற்ற கேள்விகள் அடுத்த வாரம். இன்றைக்குக் கிளைக் கச்சேரிதான்.

கேள்வி: விதை போட்டு வளர்த்த செடிமுருங்கை மூன்றே மாதத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டது. பேருக்கு ஒரு பக்கக்கிளைகூட இல்லை. உரம் போதவில்லையா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள், கிள்ளாமல் விட்டதுதான் காரணம். பி.கே.எம்-1 மாதிரிச் செடிமுருங்கையை இரண்டு மாதத்தில், ஏறக்குறைய 75 செ.மீ. உயரம் வந்ததுமே நுனியைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். ஆசையாக வளர்த்ததைக் கிள்ள மனசு வராது, தெரியும். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையை நகத்தால் மெதுவாகத் தடவினால் கடுகளவு ஒரு மேடு தட்டுப்படும். அது மொட்டு, அதாவது முளைக்காமல் காத்திருக்கும் ஒரு கிளை. இப்படி ஒவ்வொரு கணுவிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் உச்சியில் கொழுந்து இருக்கிறவரை அவற்றுக்கு வாய்ப்பில்லை. கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அதுதான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் திமான், ஸ்கூக் என்ற இருவர் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். தலை போனது தெரியாத மாதிரி மொட்டுகள் அடங்கியே கிடந்தன.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. சைட்டோகைனின் என்று இன்னொரு ஹார்மோன், அது மொட்டைத் தட்டி எழுப்பும். எழ விடாமல் ஆக்சினுக்குத் துணை நிற்பது ஸ்ட்ரைகோலாக்டோன். சோளக்காட்டில் வரும் சுடுமல்லிக் களை தெரியுமல்லவா, அதன் தாவரப் பெயரான ஸ்ட்ரைகாவிலிருந்து வந்த பெயர் இது. வேர் கசியவிடும் இந்தப் பொருளை வைத்துத்தான் சுடுமல்லி விதை பக்கத்தில் பயிர் இருப்பதைக் கண்டுகொண்டு முளைக்கிறது. இதே பொருள் செடிக்குள் கிளையையும் அடக்குகிறது என்பது 2008-இல்தான் தெரியவந்தது. பிறகு 2014-இல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியை வைத்து இன்னொன்று சொன்னார்கள்: நுனியை வெட்டினதும், ஆக்சின் குறைந்த சேதி கீழ் மொட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுக்குக் கிடைத்துவிடுகிறது, அதிலேயே அது கிளம்பிவிடுகிறது. கொழுந்து அதிகாரம் மட்டும் செய்யவில்லை, சாப்பாட்டையும் சேர்த்து வழித்துக்கொண்டிருந்திருக்கிறது!

கேள்வி: அப்படியென்றால் தென்னையின் குருத்தைக் கிள்ளினால் நாலு தலை வருமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: வராது, மரம்தான் போகும். தென்னைக்கும் மட்டைக்கு ஒரு மொட்டு உண்டு, ஆனால் அது பாளையாகிறதே தவிரக் கிளையாவதில்லை. குருத்து போனால் அந்த இடத்துக்கு வர வேறு ஆள் இல்லை. தயவுசெய்து சோதனை செய்து பார்த்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மாமரத்தில் ஒரு கிளையும் நேராக மேலே போகவில்லை, தொங்கவும் இல்லை, எல்லாம் சாய்வாகவே நிற்கின்றன. யார் அளந்து வைத்தது? இன்னொன்று, கொய்யாக் கிளையை வளைத்துக் கட்டச் சொல்கிறார்களே, எதற்கு? (வாசகர், பண்ருட்டி)

பதில்: தண்டுக்குள் சில செல்களில் மாவுமணிகள் இருக்கின்றன. கனமானவை என்பதால் எப்போதும் அடிப்பக்கம் போய்ப் படியும், செடிக்கு அதுதான் தூக்குக்குண்டு. ஒரு தொட்டித் தக்காளியைப் படுக்கப் போட்டால் மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்கு வரும், ஆக்சின் அந்தப் பக்கம் கூடும், அந்தப் பக்கம் வேகமாக நீளும், காலையில் படுக்கப் போட்டதன் நுனி சாயங்காலத்துக்குள் தலை தூக்கிவிடும். பக்கக்கிளைக்கும் இந்த மேல்நோக்கிய இழுப்பு உண்டு, ஆனால் அதை எதிர்த்து வெளிப்பக்கம் தள்ளும் வேலையும் அதே கிளைக்குள் நடக்கிறது. இரண்டும் சமமாகிற கோணத்தில் கிளை நிற்கும். முற்றின கிளையில் மரக்கட்டையே இந்த வேலையைப் பார்க்கும்: மா, வேம்பு மாதிரி மரங்களில் கிளையின் மேல்பக்கம் இழுவைக் கட்டை என்று ஒன்று வளர்ந்து, கயிறு போட்டு இழுத்துப் பிடிக்கிற மாதிரி கிளையைத் தாங்குகிறது.

கொய்யா விஷயத்துக்கு வருவோம். நிமிர்ந்து போகும் கிளையை வளைத்து, தரையில் முளை அடித்துக் கட்டினால் அதன் நுனி உச்சியாக இருந்த பதவி போய்விடுகிறது. நடுவில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் வரிசையாக எழும்பும். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், தளிர் கூடினால் காயும் கூடும். மடக்கென்று ஒடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள்.

கேள்வி: நர்சரியில் மிளகுக் கொடி என்று கேட்டு வாங்கி, கல்யாண முருங்கை ஓரமாக நட்டு இரண்டு வருஷமாகிறது. ஏறவே மாட்டேன் என்கிறது, குத்துச்செடியாக நிற்கிறது. கட்டிவிட்டாலும் பக்கவாட்டில்தான் போகிறது. ஆனால் காய்க்கிறது! என்ன செடி இது? (வாசகி, சிறுமலை அடிவாரம்)

பதில்: மிளகேதான், ஏமாற்றவில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்தது புதர் மிளகு.

மிளகில் இரண்டு விதத் தண்டு. ஒன்று ஏறுகொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே போகும். இன்னொன்று அதிலிருந்து பக்கவாட்டில் வரும் காய்க்கிளை. அதில்தான் மிளகுச் சரம் பிடிக்கும், ஆனால் பற்றுவேர் கிடையாது. ஏறுகொடியையோ அடியில் ஓடும் தண்டையோ வெட்டி நட்டால் கொடியாக ஏறும். காய்க்கிளையை வெட்டி நட்டால், அதற்கென்று தனி வேர் வந்து தனிச் செடியான பிறகும், தான் பக்கக்கிளை என்பதை அது மறப்பதே இல்லை. காபியிலும் இப்படித்தான், பக்கக்கிளைப் போத்து நிமிராது. நான்கூட ஒருமுறை கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கக்கிளையை வெட்டித் தொட்டியில் வைத்து, வேர் பிடித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆறு வருஷமாகியும் அது ஒருச்சாய்ந்து படுத்தபடியேதான் வளர்கிறது. குச்சி கட்டி நிமிர்த்தினேன், தொட்டியைத் திருப்பி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் உங்கள் மிளகைக் கட்டி இழுத்து வதைக்காதீர்கள். கல்யாண முருங்கையை விட்டு எடுத்து, ஒரு பெரிய தொட்டியில் அரைநிழலில் வையுங்கள், ஏணி போடாமலே ரசத்துக்கு மிளகு பறிக்கலாம். மரத்துக்கு ஏறுகொடி வேண்டுமென்றால் அடுத்த முறை "ஓடுதண்டில் எடுத்த நாற்று" என்று கேட்டு வாங்குங்கள்.