தண்ணீர் மஞ்சளானதும் 85 ஆயிரத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர்தான் குடிக்கிறோம். போன வாரம் ஒரு விற்பனையாளர் வந்து அதில் நாலு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளானது. போர் தண்ணீரில் விட்டார், நீலமானது. "நீங்கள் குடிப்பது ஆசிட்" என்கிறார். 85 ஆயிரம் ரூபாய்க்கு, தண்ணீரின் புளிப்பைப் போக்கிக் காரமாக்கும் ஆல்கலைன் மெஷின் வாங்கச் சொல்கிறார். மாமியாருக்கு நெஞ்செரிச்சல் வேறு. வாங்கலாமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: வாங்காதீர்கள், அம்மா.

அவர் விட்டது மருந்து இல்லை, நிறங்காட்டி; புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் திரவம். புளிப்பைக் காட்டும் எண்தான் பி.எச்.: 7 நடு, அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போனால் காரம். பி.எச். 6 பக்கம் இருந்தால் மஞ்சள், 8 பக்கம் போனால் நீலம். ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாவது இயல்புதான். சுத்தமான தண்ணீரைத் திறந்து வைத்தாலே காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து பி.எச். 5.6 வரை இறங்கிவிடும். மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

நிறம் சொல்வது புளிப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும். எவ்வளவு என்று அது சொல்லாது. அதைச் சொல்வது டைட்ரேஷன், பள்ளிப் புத்தகத்தில் தரம்பார்த்தல் என்று படித்திருப்பீர்கள். ஆய்வகத்தில் 100 மில்லி தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, மஞ்சள் நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவோம். செலவான அமிலத்தை வைத்துக் காரத்தன்மையை, அதாவது அந்தத் தண்ணீர் எவ்வளவு புளிப்பைத் தாங்கும் என்பதை, கணக்கிடுவோம்.

இதை உங்கள் அடுக்களையிலேயே பார்க்கலாம். நாலைந்து செம்பருத்திப் பூவின் இதழ்களைக் கொதிநீரில் போட்டுச் சாறு இறக்குங்கள். அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரிலும் அரை டம்ளர் போர் தண்ணீரிலும் ஒரே அளவு சாறு ஊற்றி, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டிலேயே சிவந்துவிடும். போர் தண்ணீர் பத்து, பதினைந்து சொட்டு வரை பிடிவாதம் பிடிக்கும். அதிலுள்ள பைகார்பனேட் என்ற உப்பு, நீங்கள் விடுகிற புளிப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கும். ஆர்.ஓ. அந்த உப்பை எடுத்துவிட்டதால் சொட்டுப் புளிப்புக்கே நிறம் மாறுகிறது. மற்றபடி அதில் இருக்கிற அமிலம் மிகச் சொற்பம். மதியம் நீங்கள் ஊற்றிக்கொள்ளும் ஒரு கரண்டி ரசத்தில், ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் இருப்பதைவிடப் புளிப்பு அதிகம்.

அடுத்த முறை அவர் கம்பிகள் வைத்த மின்கருவியோடு வருவார். போர் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும், அவருடைய தண்ணீர் தெளிவாக நிற்கும், "பாருங்கள் அழுக்கை" என்பார். அது அந்த இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு! உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையவில்லை. அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். இந்த வித்தையில் ஏமாந்து நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். ஆனால் கையில் கிடைப்பது எண்கள் நிறைந்த ஒரு தாள். பி.எச். 6.2, பக்கத்தில் 6.5-8.5 என்ற வரம்பு, அவ்வளவுதான். அந்த 6.5 முக்கியமாகக் குழாய் அரிப்பை நினைத்து வைத்த எல்லை என்று இரண்டு வரி தமிழில் அச்சடிக்க என்ன கேடு? எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்! அந்தத் தாளைப் பார்த்து மிரண்டவர் வீட்டுக் கதவைத்தான் விற்பனையாளர் தட்டுகிறார்.

குழாயை அரிப்பது செம்பையும் அரிக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஆர்.ஓ. தண்ணீரை ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பைகார்பனேட் இல்லாத, லேசாகப் புளித்த தண்ணீர் செம்பைக் கரைக்கும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500. குடத்தின் உள்ளே பச்சை படிந்திருந்தால் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள். பித்தளைக்கும் இதே கதைதான். எலுமிச்சை ஜூஸ், மோர் இரண்டையும் செம்பில் ஊற்றவே கூடாது. செப்புக் குடம்தான் வேண்டுமென்றால், கார்ப்பரேஷன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீருக்கு மண்பானையோ எவர்சில்வரோ போதும்.

மாமியாரை வயிற்று டாக்டரிடம் காட்டுங்கள். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தின் பி.எச். 2 பக்கம். அதன் முன்னால் இந்த மெஷின் தண்ணீர் எம்மாத்திரம்?